குளத்தில் பொக்லைன் இறங்கும் முன்: பொறுப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தின் கதை உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை, அகற்றித் தாருங்கள் என்று திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டு நடையாய் நடந்த பிறகு, கடந்த ஆடி இரண்டாம் வாரம் பொக்லைன் வந்தது. மகிழ்ச்சியோடுதான் கரைக்குப் போனேன். அந்த மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

ஆகாயத்தாமரையோடு தாமரை, ஆம்பல், கரையோரக் கோரை, மண்ணைப் பிடித்து நின்ற தாழைப் புதர் என எட்டியதையெல்லாம் இயந்திரம் வாரிக் கரையில் குவித்தது. மறுநாள் காலை பக்கத்து வீட்டுச் சிறுவன் அந்தக் குவியலிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். புளி போட்டுத் துலக்கிய வெண்கலத்தின் நிறம். பம்பரம்போல ஒரு முனை கூர்ந்த வடிவம். "மாமா, இது பொரிக்குமா?" என்று கேட்டான். ஓட்டில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

நீளவால் இலைக்கோழியின் முட்டை அது. நீண்ட விரல்களை விரித்துத் தாமரையிலைமேல் நடக்கும் பறவை. பெண் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு அடுத்த இணையைத் தேடிப் போய்விடும். ஏறக்குறைய 26 நாள் அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். தண்ணீர் ஏறினால் முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே அணைத்து வேறு இலைக்கு மாற்றும். மழைக்காலம்தான் அதற்கு இனப்பெருக்கக் காலம். எங்கள் குளத்து ஆண் பறவை மூன்று நாள் அந்த வெறுந்தண்ணீரின்மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. நான்காம் நாள் அதைக் காணவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: இயந்திரத்தை இறக்கும் முன் குளத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

"சுத்தம் செய்யச் சொன்னதே நீங்கள்தானே? ஒரு பறவைக்காக வேலையை நிறுத்த முடியுமா?" என்று கரையில் நின்ற மேற்பார்வையாளர் கேட்டார். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. இது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரை அனுப்பிய உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இலைக்கோழி உலகத்திலிருந்து அற்றுப்போகும் நிலையில் இல்லையே என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். பாறுக் கழுகையும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். செத்த மாடு கிடந்த இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய பறவை அது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தபோது வானம் ஏறக்குறைய காலியாகிவிட்டது. கழுகைக் கொல்ல வேண்டும் என்று அந்த மாட்டுக்காரர்களில் ஒருவர்கூட நினைத்திருக்க மாட்டார். என்ன நடக்கிறது என்று யாரும் நேரத்தோடு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உலகில் சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழிவின் ஆபத்தில் இருப்பதாக, பல்லுயிர் நிலையை ஆராயும் பன்னாட்டு அறிவியல் குழு 2019இல் அறிவித்தது. வாழிடம் அழிதல், அளவுக்கு மீறிப் பிடித்தல், காலநிலை மாற்றம், மாசு, அயல் இனங்கள் என்று காரணங்களையும் சொன்னது. இவற்றைப் பார்க்க நான் வெளிநாடு போக வேண்டியதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை என் மடையை அடைக்கிறது. விராலும் அயிரையும் பிடித்த குளத்தில் இப்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி தூண்டிலில் மாட்டுகிறது. சிறுவயதில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் வயலோரம் இரவில் தவளைச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. இன்று அந்த வயலில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் மாறி மாறி மருந்தடிக்கிறேன். அது வடிந்து கீழேயுள்ள குளத்துக்குத்தான் போகிறது. இதில் விவசாயிகளாகிய எங்கள் பங்கும் உண்டு. தாழைக்கோழி கதிரை ஒடிக்கிறது என்று விரட்டியவர்களும் நாங்கள்தான். அதற்காக அது இல்லாத குளம் வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி 2022இல் கிடைத்தது, பெருமைப்பட்டோம். அங்கே இறங்கும் பறவைதான் இரை தேடி எங்கள் குளத்துக்கும் வருகிறது. ஆனால் பட்டியலில் இல்லாத குளம் என்றால் ஓரத்தில் மண் கொட்டலாம், சாலைக்கு எடுக்கலாம், சாக்கடையைத் திருப்பிவிடலாம் என்றாகிவிட்டது. மேற்கே மலை எம்-சாண்டாகி லாரியில் போகிறது. மனுக் கொடுத்தால் ரசீது கிடைக்கிறது. அதற்குமேல் ஒன்றும் கிடைப்பதில்லை. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முட்டையை உங்கள் உள்ளங்கையில் வைத்திருந்தால் நீங்களும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டேன். இருக்கிறது என்றார்கள், கண்ணில் காட்டவில்லை. அதில் எங்கள் குளத்து இலைக்கோழி இருக்கிறதா? தாமரை பறிக்கத் தண்ணீரில் இறங்குபவர்களையும் வலை வீசுபவர்களையும் கேட்டு எழுதினார்களா? தயவுசெய்து அதைத் திறந்து காட்டுங்கள். இல்லையென்றால் எங்களையும் உட்காரவைத்து எழுதுங்கள்.

தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடை முடிந்து குளம் வற்றும் மாசி, பங்குனியில் வண்டல் அள்ளி வயலுக்கும் தென்னைக்கும் போட்டதுதான் எங்கள் ஊர் வழக்கம். அப்போது வாருங்கள். ஆகாயத்தாமரையை எடுங்கள், கோரையிலும் தாமரையிலும் ஒரு பகுதியை விட்டுவையுங்கள். கரைக்குச் செங்குத்தாகக் கற்சுவர் எழுப்பும் திட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆமை ஏறும் சரிவையாவது விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தெற்குப் பாதியில் வேலை முடிந்துவிட்டது. வடக்குப் பாதியில் அடுத்த வாரம் தொடங்கும் என்கிறார்கள். அங்கே தாமரைக்குள் இன்னும் இரண்டு கூடுகள் இருக்கின்றன. இயந்திரத்தை அனுப்பும் முன் உங்களில் ஒருவர் காலை ஆறு மணிக்கு மடைப் பக்கம் வந்து நின்றால் போதும், நானே காட்டுகிறேன். பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்று பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்தக் குளத்துத் தண்ணீரில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவிக்கும் விவசாயி ஒருவன்,
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்