படம் தேர்ந்து தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

குற்றால மலைச் செடிகளைப் பற்றிய என் நூல் அச்சுக்குப் போய்விட்டது. அதிலுள்ள படங்களை நான் மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. மாதக்கணக்கில் மின்னஞ்சலிலும் தபாலிலும் உடன் வந்தவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாமென்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் பொதுவாகவே குறிப்பிடுகிறேன்.

குற்றாலத்தில் செடி சேகரித்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படநூலில் 2,101 படங்கள் இருக்கின்றன. அத்தனையும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது? திகைத்து நின்றபோது முதலில் கைகொடுத்தவர் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர். ஐயா, நீங்கள் காசித்தும்பை வகைகளைப் பற்றி எழுதிய கடிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அந்தப் பூவை அழுத்தி உலர்த்தினால் உருக்குலைந்துபோகும், அதனால் உயிர்ச்செடியைப் பார்த்து வரைந்த படத்துக்கு மதிப்பு அதிகம் என்றீர்கள். பக்கத்தில் இடம் போதாமல் படத்தின் அடிப்பகுதியை வெட்டலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். உடனே உங்கள் பதில் வந்தது: "கூடவே கூடாது. இதழ், சூலகம், பின்னால் வால்போல நீளும் தேன்குழல் எல்லாம் அங்கேதான் பிரித்து வரையப்பட்டிருக்கின்றன. இனம் காண்பதே அதை வைத்துத்தான்." சரி, எழுத்தைக் குறைத்தோம். படம் முழுசாக வருகிறது.

அப்புறம், மெய்ப்புப் பார்த்த தங்கைக்கு. படக்குறிப்புகளில் வைட்டின் பெயர் மட்டும் இருந்ததைக் கண்டு, "அண்ணா, வரைந்தவர்கள் பெயர் எங்கே?" என்று எழுதினாயே! இப்போது ஓவியர்கள் ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களே முதலில் வருகின்றன. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார் என்பதையும் நூலில் சேர்த்துவிட்டேன். நாம் அந்தப் பெயர்களை விடுவது நியாயமே இல்லை.

அந்த ஓவியர்களின் படங்களிலும் சில கடல்கடந்து தபாலில் போனவைதான். ரங்கையா வரைந்த சிலவற்றை வைட் இங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்த தாவரவியல் பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்ப, அவர் அவற்றை வெளியிட்டார். கப்பல் போய்ப் பதில் வர எத்தனை மாதமானாலும் பொறுத்திருந்திருக்கிறார்கள். எங்கள் கடிதங்களுக்கு மறுநாளே பதில் வந்ததை நினைத்தால் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

தென்காசியிலிருந்து, ஒவ்வொரு படத்தையும் மலையிலுள்ள செடியோடு ஒப்பிட்டு உள்ளூர்ப் பெயர் எழுதி அனுப்பிய ஆசிரியை அம்மாவுக்கும், ஸ்கேன் செய்து சுத்தப்படுத்திய தம்பிக்கும், சலிக்காமல் பக்கங்களை மாற்றிக் கொடுத்த வடிவமைப்பாளருக்கும் என் மனமார்ந்த நன்றி. நூல் வந்ததும் முதல் பிரதிகள் உங்களுக்குத்தான். முகவரி மாறியிருந்தால் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
நூலாசிரியர்