தமிழ்க் கோப்பில் காணாமல் போன வரிகள்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஒரு பட்டியலின் தலைப்பு வரியை மட்டும் அச்சிட்டுவிட்டு, மிச்சத்தை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்கு விட்டுவைப்பதுதான் எங்கள் கருவியின் வேலை. இரண்டுக்கும் ஸ்டாண்டர்ட் இன்புட் (நிரல் தரவை வாங்கும் வழி) ஒன்றே. கோப்பில் எந்த இடம் வரை வாசித்தாயிற்று என்ற கணக்கும் பொதுவானது. கருவி ஒரே மூச்சில் 4096 பைட் வாசிக்கும். முதல் வரி போக மீதி எத்தனை பைட்டோ, அந்த அளவுக்கு வாசிப்பு இடத்தை எல்சீக் (அந்த இடத்தை நகர்த்தும் சிஸ்டம் அழைப்பு) மூலம் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையின் விதியும் அதுவே.

ஆங்கிலக் கோப்பில் எல்லாம் சரி. தமிழில் வரிகள் மாயமாயின. பிழைச்செய்தி கிடையாது, எக்ஸிட் கோடும் 0, அதாவது வெற்றி.

மாதிரிக் கோப்பு அனுப்பிய காட்பாடி அன்பருக்கு முதல் நன்றி. தலைப்புக்குக் கீழே ‘வேலூர்,632001’ என்ற வரி 100 தடவை, அவ்வளவுதான். பிழை அறிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும்! யூனிகோடில் ‘வேலூர்’ 6 குறியீடு (எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தனித்தனி எண்), அவற்றைக் கோப்பில் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் 18 பைட். கமா, எண்கள், வரிமுடிவு சேர்த்து வரிக்கு 14 குறியீடு, 26 பைட்.

ராணிப்பேட்டை நண்பர் ஸ்ட்ரேஸ் (நிரலின் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் கருவி) ஓட்டிக் காட்டியதும் குட்டு வெளிப்பட்டது. எல்சீக் 2600 பைட் பின்னால் போகாமல் 1400 மட்டுமே போயிருந்தது. பைட்டுக்குப் பதில் குறியீட்டை எண்ணியிருக்கிறது. விட்டுப்போன 1200 பைட்டில் 46 வரிகள் முழுசாகப் போச்சு. 47ஆவதில் ‘வ’வைத் தாண்டி, ஏகாரக் கொம்பின் முதல் பைட்டையும் விழுங்கியிருந்தது. (திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் ‘வ’வுக்குப் பின்தான்.) ஆகவே அடுத்த கட்டளைக்குக் கிடைத்த முதல் பைட்டுகள் 175, 135. சிலர் ஃபான்ட் கோளாறு என்று நினைத்த கேள்விக்குறிக் கட்டம் இதுதான்.

திருத்தத்தை எழுதித் தந்த ஆரணிக்காரருக்குத் தனி நன்றி. குறியீடாக மாற்றும் வேலையையே அவர் எடுத்துவிட்டார்: வரிமுடிவான பைட் 10, யூடிஎஃப்-8 எழுத்து எதன் நடுவிலும் வராது, பைட்டாகவே தேடிக் கழித்தால் போதும். தரவு கோப்பிலிருந்து வராமல் பைப் வழியாக (இன்னொரு கட்டளையின் வெளியீடாக) வந்தால் எல்சீக் தோற்கும். அப்போது மட்டும் தலைப்பு வரியை ஒவ்வொரு பைட்டாக வாசிக்கிறது. கொஞ்சம் மெதுவு, ஆனால் ஒரே வரிக்குத்தானே.

புதிய பதிப்பைச் சோதிப்பவர்கள் கோப்பு, பைப் இரண்டிலும் ஓட்டி, மீதியை ஆக்டல் டம்ப் (od) கட்டளையில், பைட்டுகளைப் பதின்ம எண்ணாகக் காட்டும் -t u1 தெரிவுடன் பாருங்கள். 224, 174, 181 என்று ‘வ’வில் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
கருவியைப் பராமரிப்போர், வேலூர்