தட்டியை நகர்த்துவதற்கும் கூலி போடுங்கள்: வன்னியில் பாடசாலை கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் பாடசாலைக் கட்டடங்களைத் திருத்தும் கொந்தராத்துக்காரர்களுக்கும், அந்த வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பார்டிஷன் வேலை, அதாவது தடுப்புத் தட்டி அடிக்கும் வேலை செய்பவன். பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் தகப்பனும்கூட. 2009இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேறியபோது எங்கள் பிள்ளைகள் மரத்தடியிலும் தகரக் கொட்டிலிலும் இருந்து படித்தார்கள். அதனால் திருத்தவேலைக்காகப் பள்ளியை மூடச் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வராது. மண்டபத்தின் ஒரு பாதியில் வேலை, மறுபாதியில் வகுப்பு, நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு பலகைத் தட்டி. சரி, அப்படியே நடக்கட்டும்.

முதல் நாள் தட்டி ஒழுங்காகத்தான் நிற்கும். பாஸ் (வேலை தெரிந்த மூத்த தொழிலாளி) தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, முட்டுக்கொடுத்து, ஆணி இறுக்கிவிட்டுப் போவார். வேலை ஒரு வகுப்பறை தாண்டியதும் தட்டியை நகர்த்த வேண்டும். அன்றைக்கு அந்த பாஸ் வேறு வேலைத்தளத்தில் இருப்பார். சீமெந்து குழைக்கும் பொடியன்கள்தான் இழுத்து வைப்பார்கள்.

ஒரு பள்ளியில் அப்படி இழுத்து வைத்ததைப் பார்த்தேன். முட்டுக்கம்பு ஒன்றும் இல்லை. கீழே இரண்டு கல், மேலே யன்னல் கம்பியோடு முறுக்கிய கட்டுக்கம்பி, அவ்வளவுதான். சோழகக் காற்று தள்ளும் ஒவ்வொரு முறையும் தட்டி ஒரு சாண் ஆடியது. ஆடும்போதெல்லாம் கீழ் இடைவெளியால் புழுதி வந்து கொப்பிகளில் படிந்தது. ரீச்சர் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துக் களைத்து, தானே மேசைகளை எதிர்ச்சுவர் ஓரமாக ஒதுக்கியிருந்தார்.

12 மில்லிமீற்றர் பிளைவூட் அடித்த 4க்கு 8 அடித் தட்டி, சட்டத்தோடு 30 கிலோ வரை வரும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று நேரே அடித்தால், அதன்மேல் 35 கிலோவுக்குக் குறையாத தள்ளல் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்கு. பக்கம் திறந்த எங்கள் மண்டபங்களில் கட்டுக்கம்பி இதற்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்? அந்தப் பக்கம் இருப்பது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள்.

நகர்த்துவதற்கென்றே செய்த தட்டிக்கு ஆணி கூடாது, போல்ட்டும் நட்டும்தான் போட வேண்டும். பிளைவூட்டில் ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் மறுபடி முன்போல இறுகாது. தட்டிகளுக்கு இலக்கம் எழுதிவையுங்கள். கழற்றும்போது முட்டுக்கம்பைக் கடைசியாக எடுங்கள், புது இடத்தில் அதையே முதலில் கொடுங்கள். முட்டின் அடியில் மணல்மூட்டை வையுங்கள், வேலைப் பக்கமாகவே. வகுப்புப் பக்கம் முட்டு நீண்டால் பிள்ளைகள் தடக்கி விழுவார்கள். தட்டி எங்கே நின்றாலும் வகுப்புக்கு வெளியேற ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

தூசிக்குத் தட்டி மட்டும் காணாது. உட்கூரை இல்லாத மண்டபத்தில் தூசி மேலால் வந்துவிடும். கூரைவரை பொலித்தீன் கட்டுங்கள், அடியில் ஈரச் சாக்குப் போடுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கழற்றுவதும் வெட்டுவதும் துளைப்பதும் பள்ளி விடுமுறையில் மட்டும் நடக்கட்டும், அதுவும் நனைத்த பிறகு. அதன் நார் நெஞ்சுக்குள் போனால் நோய் தெரியவரப் பல வருடங்கள் ஆகும். இந்த விஷயத்தில் நான் ஒரு துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொந்தராத்துக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நான் பார்த்த செலவு மதிப்பீடுகளில் தட்டி அடிப்பதற்கு ஒரு வரி இருக்கும், நகர்த்துவதற்கு இருக்காது. காசு இல்லாத வேலைக்கு யார் பாஸைக் கூப்பிடுவார்? உத்தியோகத்தர்களே, ஒவ்வொரு நகர்த்தலையும் தனி வேலையாக மதிப்பீட்டில் எழுதுங்கள். பாஸுக்கும் இரண்டு உதவியாளுக்கும் அரைநாள் கூலி, புது போல்ட், மணல்மூட்டை, அவ்வளவுதான் செலவு. நகர்த்திய பிறகு நேரில் வந்து கையால் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கொந்தராத்துக்காரர்களே, பள்ளி 1.30க்கு விடுகிறது. நகர்த்துவதை அதற்குப் பிறகு வையுங்கள். முதல் நாளே அதிபருக்குச் சொல்லிவிடுங்கள்.