ஸ்பெஷல் எஜுகேஷன் பரீட்சை எழுதப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

கற்பதில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஸ்பெஷல் எஜுகேஷன் சர்டிபிகேட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டாய். போனில் பாதிதான் பேச முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

தாராளமாக எடு. ஆனால் பரீட்சை பாஸான கையோடு அந்த வேலையில் போய் உட்காராதே.

டெக்சாஸில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. உன்னிடம் ஏற்கனவே ஆரம்பப் பள்ளி டீச்சருக்கான சர்டிபிகேட் இருப்பதால் மறுபடி கல்லூரிக்குப் போகத் தேவையில்லை. பரீட்சை எழுதிப் பாஸாகி, விண்ணப்பம் போட்டுப் பணம் கட்டினால் அதையும் சேர்த்துவிடுவார்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சர்டிபிகேட்டுக்கு இந்த வழி கிடையாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். எல்லா மாநிலமும் இப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் இதற்கென்று தனிப் படிப்பே படிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை மாற்றம் வரலாம் என்றாயே, அதையும் மனதில் வைத்துக்கொள்.

இங்கே இந்த டீச்சர்களுக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2004-ல் மாநிலக் கல்வித் துறை, ஒரு பள்ளி மாவட்டத்தின் மாணவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு மேல் ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்கக்கூடாது என்கிற மாதிரி ஓர் அளவுகோல் வைத்தது. நாடு முழுக்க அப்போது சராசரி 13 சதவீதத்துக்குக் குறையாது. ஹூஸ்டன் கிரானிக்கிள் 2016-ல் அதை வெளியே கொண்டுவந்தது. 2017-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறையே, டெக்சாஸ் மாநிலம் மத்தியச் சட்டத்தை மீறியது என்று சொல்லிவிட்டது. அத்தனை வருடம் உதவி கிடைக்காமல் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இப்போது இங்கே ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது, உள்ளே சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. நீ போகிறேன் என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

பாராவாக, அதாவது டீச்சருக்கு உதவியாளராக, இருந்த காலத்தில் அந்த வகுப்புகளுக்குள்ளேதான் நான் இருந்தேன். பரீட்சையில் வராத விஷயங்கள்தான் அங்கே முக்கால்வாசி. ஒரு பையன் கணக்கு நேரம் வந்தாலே மேசைக்கு அடியில் போய்விடுவான். அடம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். புதிதாக வந்த டீச்சர் அவனைக் கூப்பிடவில்லை, அதட்டவில்லை. அவன் போவதற்கு முன்னால் என்ன நடந்தது, போன பிறகு என்ன நடந்தது என்று தினமும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் நிறையக் கணக்கு அச்சடித்த தாளைப் பார்த்தால்தான் அவன் போகிறான் என்று தெரிந்தது. பக்கத்துக்கு நான்கு கணக்கு வைத்து வெட்டிக் கொடுத்தார். உட்கார்ந்து போட்டான். கணக்கு அவனுக்கு எப்போதுமே தெரிந்துதான் இருந்தது.

அப்படி எழுதிவைக்கிற பழக்கம்தான் இந்த வேலைக்கு அஸ்திவாரம். நீ வகுப்பை நன்றாக நடத்துகிறவள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ எழுதப்போகும் ஐஇபி, அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் போடுகிற கல்வித் திட்டம், ஒரு பாடத்திட்டம் மாதிரி கிடையாது. சட்டப்படி பள்ளி கொடுக்கிற வாக்கு அது. "வாசிப்பில் முன்னேறுவான்" என்று எழுதினால் அது இலக்கே இல்லை. மே மாதத்துக்குள், இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியை, நிமிடத்துக்கு இத்தனை சொல், ஐந்து தடவையில் நான்கு தடவை சரியாக வாசிப்பான் என்று எழுத வேண்டும். இப்போது எங்கே நிற்கிறான் என்பதை அளந்து வைத்திருந்தால்தான் அப்படி எழுத வரும். போன வருட இலக்கையே தேதி மட்டும் மாற்றிப் போட்ட ஐஇபிகளை நான் பார்த்திருக்கிறேன். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு வருடா வருடம் அப்படித்தான் செய்தார்கள். பெற்றோர் விடாமல் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2017-ல் எண்ட்ரூ எஃப் வழக்கில் நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில், பேருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்குத் தகுந்தபடி உயர்வான இலக்கு வேண்டும் என்றார்கள். பரீட்சைக்காக அந்த வழக்கின் பெயரை எப்படியும் படிப்பாய். தீர்ப்பை முழுதாக ஒருமுறை படி, சின்னதுதான்.

அப்புறம் ஏஆர்டி மீட்டிங். மற்ற மாநிலங்களில் ஐஇபி மீட்டிங் என்பதற்கு இங்கே அந்தப் பெயர். நீ வகுப்பு டீச்சராகப் போய் உட்கார்ந்திருப்பாய். மேசைக்கு எதிரே இருக்கிற அம்மா அப்பாவைத்தான் நான் சொல்ல வருகிறேன். நம் ஆட்கள் வந்தால் பெரும்பாலும் பேச மாட்டார்கள். டீச்சர் சொன்னால் சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பையன் மேல் முத்திரை விழுந்துவிடும், ஊரில் யாருக்காவது தெரிந்தால் என்ன ஆவது என்ற பயம் ஒரு பக்கம். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே அந்த மீட்டிங்கில் பேசுகிற பாஷை புரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பள்ளி ஏற்பாடு செய்தாக வேண்டும், அது அவர்கள் உரிமை என்று பல பேருக்குத் தெரியவே தெரியாது. தமிழ் தெரிந்த ஒரு டீச்சர், மீட்டிங்குக்கு நான்கு நாள் முன்னால் ஒரு போன் போட்டு, "இதுதான் பேசப் போகிறோம், உங்களுக்குச் சம்மதமில்லாததைச் சம்மதமில்லை என்று சொல்லலாம்" என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உதவி! எல்லாப் பெற்றோருக்கும் அதைச் செய். நம்மவர்களுக்குக் கண்டிப்பாகச் செய்.

உன் பெயரில் அந்தச் சர்டிபிகேட் ஏறிவிட்டால், ஆள் இல்லாத இடத்துக்குப் பிரின்சிபால் உன்னை மாற்றலாம். நான்காம் வகுப்பு எனக்குப் பிடிக்கும் என்று நீ சொல்வது எடுபடாது. அதனால் பாஸ் ஆனதும் ஊரெல்லாம் சொல்வதற்கு முன்னால் ஒன்று செய். இந்த வருடமே உன் பிளானிங் நேரத்தில் பிள்ளைகள் சில பாடத்துக்கு மட்டும் வந்துபோகிற ரிசோர்ஸ் ரூம் டீச்சரோடு போய் உட்கார். அவர் ஐஇபி எழுதும்போது பக்கத்தில் இரு. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டியதையும் சொல்லிக்கொடுக்கிற லைஃப் ஸ்கில்ஸ் வகுப்பையும் பார், இரண்டும் வேறு வேறு உலகம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீ காட்ட வேண்டிய 150 மணி நேரப் பயிற்சியை இந்தப் பக்கமே திருப்பிவிடு. வேலை கொடுக்கிறோம் என்று வந்தால், எத்தனை பிள்ளைகள் என் பொறுப்பு, எத்தனை பாரா, காகித வேலைக்குத் தனி நேரம் உண்டா என்று கேள். பதிலை ஈமெயிலில் வாங்கு. மழுப்பினார்கள் என்றால் அந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

அப்பா சம்பளத்தைப் பற்றித்தான் கேட்கிறார். சில மாவட்டங்களில் தனியாக ஒரு தொகை தருகிறார்கள், உன் மாவட்டத்தில் விசாரி. உன் கல்லூரிக் கடன்தான் பெரிய விஷயம். வருமானம் குறைந்த குடும்பங்கள் இருக்கும் பள்ளி என்று மத்திய அரசின் பட்டியலில் உள்ள இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால், ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சருக்கு 17,500 டாலர் வரை தள்ளுபடி உண்டு. சாதாரண ஆரம்பப் பள்ளி வகுப்பு டீச்சருக்கு 5,000 வரைதான். உன் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, உன் கடன் அதற்குப் பொருந்துமா என்று முதலில் பார்.

பரீட்சைத் தேதி போட்டதும் சொல்லு. அதற்கு முந்தின வாரம் நான் டல்லாஸ் வந்து குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன், நீ உட்கார்ந்து படி.

அன்புடன்,
அம்மா