இளஞ்சிவப்பு அட்டை

அன்பு மகளுக்கு,

ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். "வெறும் பாஸ்போர்ட்தானே அப்பா" என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இரட்டைக் குடியுரிமையைச் சிங்கப்பூர் அனுமதிப்பதில்லை. ஒன்றை விட்டாக வேண்டும். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதை வெறும் பாஸ்போர்ட் என்று மட்டும் சொல்லாதே, கண்ணம்மா.

உன் தாத்தா இங்கே செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்ததும் பதிந்துகொண்டார். "பிழைக்கப் போன இடத்துக்கே பிள்ளையாகிவிட்டாயா?" என்று ஊரிலிருந்து கொள்ளுத்தாத்தா கடிதம் போட்டாராம். 1968-இல் பிரிட்டிஷார் தளத்தைக் காலி செய்யப்போவதாக அறிவித்தார்கள். குடியுரிமை இல்லாத நம்மவர் பலர் கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். பக்கத்து வீட்டுப் பையன் தன் கோலிக்குண்டுகளை என் கையில் கொட்டிவிட்டு, நாகப்பட்டினம் போகும் ரஜுலா கப்பலுக்குக் கிளம்பினான். அவன் இங்கேயே பிறந்தவன். நாகப்பட்டினத்தைக் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் தங்கினோம். தாத்தாவின் சட்டைப்பையில், குடிமக்களுக்குத் தரும் இளஞ்சிவப்பு அடையாள அட்டை இருந்தது.

இங்கே எல்லாம் இனிப்பு என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு அறை தேடியபோது "இந்தியர் வேண்டாம்" என்று உன்னிடமே சொன்னார்களே, அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஈசூன் வீட்டை விற்றபோது நல்ல விலை சொன்ன சீனக் குடும்பத்துக்குக் கொடுக்க முடியவில்லை. அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்தாரும் இவ்வளவு பேர்தான் இருக்கலாம் என்று விதி; அந்தப் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிரம்பியிருந்தது. அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் 1989-இல் வந்த அந்த விதி இல்லாவிட்டால், நீ நோன்புப் பெருநாளன்று எதிர்வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) மடியில் உட்கார்ந்து ரெண்டாங் கறி தின்று வளர்ந்திருப்பாயா என்றும் யோசிக்கிறேன்.

தாத்தாவுக்கு மலாய் அரைகுறைதான். ஆனாலும் மலாய் மொழியிலுள்ள நம் தேசிய கீதத்தின் பொருளை வரிவரியாகத் தமிழில் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். "புரியாமல் பாடினால் வாடகைக்கு இருப்பவன் மாதிரி" என்பார்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. தாத்தாவின் பழைய அட்டை அலமாரியில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அதை ஒரு முறை கையில் எடுத்துப் பார். பிறகு இருவரும் செம்பவாங் கடற்கரைக்கு நடந்து போவோம்.

அன்புடன்,
அப்பா