வளவுக்குள்ள விழுற வெயில்

அன்புள்ள வள்ளி,

நலம்தானே? அண்ணனுக்கு மூட்டுவலி தேவலையா? காரைக்குடியில பங்குனி வெயில் மண்டையைப் பிளக்குது. அயித்தை வடகம் பிழிய ஆரம்பிச்சுட்டாங்க.

கல்யாண வீட்டுல உன் கன்னத்துல மங்கு, அதான் அந்தக் கருந்திட்டு, படர்ந்திருக்கிறதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. யாரோ சொன்னாங்கன்னு ஏதோ வெளுப்பு கிரீம் தடவுறியே, அந்த மாதிரி கிரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கும்டி. முதல்ல பளிச்சுனு காட்டும். போகப்போகத் தோல் மெலிஞ்சு, சிவந்து, வெயில் பட்டாலே எரியும்.

"வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு எதுக்கு சன்ஸ்கிரீன், அந்த வெயில் தடுக்கிற கிரீம்"னு கேட்டியே, உன் வீட்டை நினைச்சுப் பாரு. நடுவுல வளவு, அதான் முற்றம், வானம் பார்த்துக் கிடக்கு. மிளகாயைக் கிளற, வத்தலைத் திருப்பிப் போட, காக்கா விரட்டன்னு உச்சி வெயில்ல எத்தனை தரம் நடக்கிற! கார் கண்ணாடியை ஏத்திவிட்டாலும் வெயில்ல இருக்கிற யுவிஏங்கிற புற ஊதாக் கதிர் உள்ள வரும். கறுத்த தோலுக்கு இதெல்லாம் வேண்டாம்னு சொல்றதையும் கேட்காத. நம்ம நிறம் சீக்கிரம் வெந்து போகாது, வாஸ்தவம்தான். ஆனா மங்கு நம்ம மாதிரி தோல்லதான் அதிகம் வரும். உன் நிறத்தை மாத்தச் சொல்லலை வள்ளி, அந்த நிறம்தான் உனக்கு அழகு.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கிற அளவு, 30க்குக் குறையாம, 'பிராட் ஸ்பெக்ட்ரம்'னு போட்டிருக்கான்னு பாரு. யுவிஏ, தோலைச் சுடுற யுவிபி, ரெண்டு கதிரையும் தடுக்கும்னு அதுக்கு அர்த்தம். 30 போட்டது யுவிபி கதிர்ல சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டது 98. அதுக்கு மேல காசைக் கொட்ட வேண்டாம். மங்குக்கு, அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்துல இருக்கிறது இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதையும் அது கொஞ்சம் தடுக்கும்.

பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வச்சா ஒண்ணும் ஆகாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகம், கழுத்து, காதுன்னு தடவு. வெளிய போறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே போட்டுடணும். வெயில்ல இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடி போடணும். வேர்த்தா அதுக்கு முன்னாடியே. தையில பழனிக்கு நடக்கும்போது இதை மறந்துடாத. தலைக்குத் துண்டும் போட்டுக்கோ.

வர்ற புதன்கிழமை இங்க வா, தோல் டாக்டர்கிட்ட சேர்ந்தே போவோம். அந்த கிரீம் டியூபையும் கையோட கொண்டு வா. ஸ்டீராய்டுன்னா எப்படி நிறுத்தணும்னு அவர் சொல்லட்டும். மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு.

அன்புடன்,
மீனாள்