ஃபார்மட் பண்ணிவிடாதே

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற பகுதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்திக்கு வந்தபோதுதான் பதறிவிட்டது. லினக்ஸ் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை, சனிக்கிழமை ஒரு பையன் வந்து ஃபார்மட் செய்யப்போகிறான் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். போன மாதம் எனக்கும் இதேதான் நடந்தது.

அன்று காலை தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரைப் போட்டேன். என்னுடையது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அதன் மெனு வந்தது, போனது. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஓட, பக்கத்தில் நொடிகள் ஏறின. 1 நிமிடம் 30 நொடி ஆனதும் எமர்ஜென்சி மோடு என்றது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு பூட்டியிருக்கிறது, உள்ளே விட முடியாது என்றும் சொல்லிவிட்டது. நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டிருந்தேன், அதனால் வந்த வினை. கடைக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம் அண்ணே" என்றார்.

அந்த டிஸ்கில் அம்மாவின் குரல் இருக்கிறது. உனக்குத் தெரியும், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்த கதையை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்திருந்தேன். அதற்கு வேறு நகல் இல்லை. அழிக்க எப்படி மனசு வரும்?

மறுபடி போட்டு, அந்த ஒற்றை வரியைப் போனில் படமெடுத்தேன். ஏதோ ஒரு டிஸ்கின் நீண்ட யூயூஐடி, அதாவது அடையாள எண், அதில் இருந்தது. மகளின் லேப்டாப்பில் டெபியன் லைவ் பென் டிரைவ் தயாரித்து (உள் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம்), என் கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி அதிலிருந்து கிளப்பினேன். உள் டிஸ்க் நலமாக இருந்தது. அதை மவுண்ட் செய்து, அதாவது கோப்புகளைப் படிக்கும்படி இணைத்து, ஈடிசி ஃபோல்டரில் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பார்த்தால் (கிளம்பும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல் அது), போனில் இருந்த அதே எண்! மகள் படங்களை நகலெடுக்க எடுத்துப்போன வெளி டிஸ்கின் எண் அது. எப்போதும் செருகியே இருந்ததால், கிளம்பும்போதே அதையும் மவுண்ட் செய்யச் சொல்லி நான்தான் எழுதிவைத்திருந்தேன். அது இல்லாமல் மேலே போக மறுத்துவிட்டது கம்ப்யூட்டர். அந்த வரியில் டீஃபால்ட்ஸ் என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளியும் நோஃபெயில் என்ற சொல்லும் சேர்த்தேன். அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் கிளம்பு என்று அர்த்தம். அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. முதல் வேலையாக அம்மாவின் பதிவை இரண்டு இடங்களில் நகலெடுத்தேன்.

உன் கதைக்கு வருகிறேன். மெனு வருகிறது, தேர்ந்தெடுத்ததும் திரை இருண்டு கர்சர் மட்டும் துடிக்கிறது, அதுவும் அப்டேட் போட்ட மறுநாள் என்கிறாய். மெனு வருகிறது என்றால், அதைக் காட்டும் கிரப் என்ற நிரல் வரைக்கும் பழுதில்லை. அதற்குப் பின்னால் லினக்ஸின் மையமான கெர்னலோ, கிளம்ப உதவும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்போ, திரை டிரைவரோதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடு. அதில் கிளம்பிவிட்டால் கெர்னல்களை வைக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறதா என்று பார். இடமில்லாமல் புதிய இனிட்ராம்எஃப்எஸ் அரைகுறையாக எழுதப்பட்டு நின்றிருக்கலாம். தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கி, அதை மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும்.

பழையதும் கிளம்பாவிட்டால், மெனுவில் ஆங்கில இ (e) விசையை அழுத்து. லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் கொயட், ஸ்பிளாஷ் என்ற சொற்கள் இருந்தால் அவற்றை அழித்துவிட்டு எஃப்10 அழுத்து. இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், பயப்படாதே. மறைந்திருந்த செய்திகள் எல்லாம் திரையில் ஓடும். ஐ/ஓ எரர் (டிஸ்கைப் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) என்று திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடு. டிஸ்கே போய்க்கொண்டிருக்கலாம். அப்போது டிஸ்கைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளை எதையும் ஓட்டாமல், லைவ் பென் டிரைவில் கிளப்பி முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். பேத்தி பிறந்த நாள் படங்களும் அதில்தானே இருக்கின்றன?

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணு. எந்த வரியில் நிற்கிறதோ, அதை எழுத்து விடாமல் எனக்கு வாசி.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்